பாட்டு இருக்கிறது, பாடகி எங்கே?

வீட்டு ஒலிப்பதிவில் கடைசி இரண்டு ஒயர்கள் படுத்தும் பாடு

இரவு பதினொரு மணி. தெருவில் ஹாரன் சத்தம் ஓய்ந்தாயிற்று. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலில் கனமான போர்வையைத் தொங்கவிட்டு, மூன்று வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவு செய்த பாடலுக்குக் கடைசிக் கட்ட வேலை. இடது பக்கம் வயலின், வலது பக்கம் கிதார், நட்டநடுவில் பாடகியின் குரல். மிக்ஸரில் கேட்கும்போது பிரமாதமாக இருக்கிறது. மிக்ஸரின் ஹெட்போன் துளையில் ஒரு ஒயரைச் செருகி, மறுமுனையை ரிக்கார்டரின் துளையில் செருகிப் பதிவு செய்கிறார்கள். போட்டுக் கேட்டால் வயலின் இருக்கிறது. கிதார் இருக்கிறது. பாடகியைக் காணோம். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அவர் குரலின் எதிரொலி மட்டும் லேசாகக் கேட்கிறது.

வீட்டில் ஒலிப்பதிவு செய்யும் பலரும் ஒரு தடவையாவது சந்தித்திருக்கும் மர்மம் இது. மைக்கைச் சந்தேகிப்பார்கள். மிக்ஸரைச் சந்தேகிப்பார்கள். கடைசியில், சரியாகத்தான் பாடினோமா என்று பாடகியே தன்னைச் சந்தேகிப்பார். குற்றவாளி அந்த ஒற்றை ஒயர்.

ஒயரின் முனையில் இருக்கும் கால் அங்குல ஜாக்கை உற்றுப் பார்த்தால் இரண்டு கறுப்பு வளையங்கள் தெரியும். அவை ஜாக்கை மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றன: முனை, நடு வளையம், உடல். ஹெட்போன் துளையில் முனை இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, உடல் இரண்டுக்கும் பொது. ரிக்கார்டரின் துளையிலும் அதே மூன்று பகுதிகள்தான். ஆனால் வேலை வேறு. அங்கே வருவது ஒரே ஒலி. முனையில் நேராகவும் வளையத்தில் தலைகீழாகவும் வர வேண்டும். உள்ளே இருக்கும் சர்க்யூட் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். தலைகீழானதைக் கழித்தால் ஒலி இரட்டிப்பாகும். வழியில் இரண்டு கம்பிகளிலும் ஒரே மாதிரி புகுந்த இரைச்சல் கழிந்துபோகும். 'பேலன்ஸ்டு' இணைப்பு என்பது இதுதான். மேடையிலிருந்து அரங்கின் கடைசி வரை ஒயர் இழுத்தாலும் இரைச்சல் சேராமல் இருக்கும் ரகசியமும் இதுதான்.

இந்தத் துளையில் ஸ்டீரியோ ஒலியைச் செலுத்தினால் என்ன ஆகும்? இடதிலிருந்து வலது கழிக்கப்படும். நடுவில் வைத்த குரல் இரண்டு பக்கமும் சம அளவில் இருப்பதால், ரிக்கார்டர் அதை இரைச்சல் என்றே எடுத்துக்கொண்டு துடைத்துவிடும். எதிரொலி இடதிலும் வலதிலும் வெவ்வேறாக இருப்பதால் அது மட்டும் தப்பிக்கும். பழைய பாடல்களிலிருந்து பாடகரை நீக்கிக் காட்டும் கரோக்கி கருவிகள் பல இதே கழித்தலைத்தான் வேண்டுமென்றே செய்தன. வீட்டில் அது வேண்டாமல் நடக்கிறது. பரிகாரம் எளிது: மிக்ஸரின் இடது, வலது வெளியீடுகள் இரண்டிலிருந்தும் தனித்தனி ஒயர், ரிக்கார்டரில் தனித்தனி துளை.

இந்தக் கடைசி வேலைக்குப் பெயர் மிக்ஸ்டவுன். நாலு, எட்டு, பதினாறு எனத் தனித்தனி தடங்களில் பதிந்தவற்றை இடது, வலது என்ற இரண்டே தடங்களில் கலந்து இறக்குவது. அதுவரை செய்த தவறை எல்லாம் திருத்தலாம். தபலா தப்பினால் தபலாவை மட்டும் மறுபடி வாசிக்கலாம். கலந்து இறக்கிய பிறகு குழம்பில் விழுந்த உப்பு மாதிரிதான். தனியே எடுக்க வழியில்லை. அசல் தடங்களை அழித்துவிட்டு அடுத்த பாடலுக்கு அதே டேப்பைப் பயன்படுத்திய காலத்தில் மிக்ஸ்டவுனில் கோட்டைவிட்டவர்களுக்கு மொத்தமும் நஷ்டம்.

ஸ்டீரியோ எண்ணத்துக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய ஆலன் ப்ளூம்லைன் 1931 டிசம்பரில் அதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். சினிமா பார்க்கப் போனபோது, நடிகர் திரையில் ஒரு பக்கம் நிற்க, குரல் வேறு பக்கத்திலிருந்து வந்தது அவரை உறுத்தியதாகச் சொல்வார்கள். ஆனால் உலகம் ஸ்டீரியோவுக்கு மாற அவசரப்படவில்லை. 1967ல் பீட்டில்ஸ் குழு லண்டன் அபே ரோட்டில் நாலு தட டேப்பில் உருவாக்கிய 'சார்ஜெண்ட் பெப்பர்' ஆல்பத்தில், குழுவினர் அக்கறையோடு உட்கார்ந்து கவனித்தது மோனோ கலவையைத்தான்.

நாலு தடப் பதிவு கேசட் வடிவில் வீட்டுக்குள் நுழைந்தது 1979ல். ஜப்பானின் டியாக் நிறுவனம் தனது டாஸ்காம் பிரிவின் மூலம் 'போர்ட்டாஸ்டூடியோ 144' என்ற கருவியைக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டாக உள்ள நாலு தடங்களையும் ஒரே திசையில் பயன்படுத்தியது. தரம் கூட வேண்டுமென்பதற்காக டேப்பை இரட்டை வேகத்தில் ஓட்டியது. சிறு மிக்ஸரும் அதற்குள்ளேயே. மேஜை மேல் வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கருவியின் புகழ்பெற்ற கதை 1982 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் நடந்தது. ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் வாடகை வீட்டில் இருந்தார். புதுப் பாடல்களைத் தன் குழுவினருக்குக் கேட்கக் கொடுக்க ஒரு மாதிரிப் பதிவு வேண்டும். ஸ்டூடியோ வாடகையும் நேரமும் வீணாகக் கூடாது. அவருடைய கிதார்களைப் பராமரித்த மைக் பாட்லன் ஒரு போர்ட்டாஸ்டூடியோ 144 வாங்கி வந்து படுக்கையறையில் வைத்தார். இரண்டு ஷூர் எஸ்.எம். 57 மைக்குகள். குரலும் கிதாரும் இரண்டு தடங்களில். மிச்சமிருந்த தடங்களில் துணைக் குரல், மாண்டலின், தாம்பரின் போன்றவை.

கலந்து இறக்கும் கட்டம் வந்தபோது அங்கே தரமான இரண்டாவது ரிக்கார்டர் இல்லை. இருந்தது ஒரு பானாஸோனிக் டூ-இன்-ஒன். ஆற்றுத் தண்ணீரில் நனைந்து, செத்துப் பிழைத்த பெட்டி அது என்பார்கள். போர்ட்டாஸ்டூடியோவிலிருந்து எக்கோப்ளெக்ஸ் என்ற எதிரொலிக் கருவி வழியாக ஒலி அந்தப் பெட்டிக்குப் போயிற்று. கிடைத்த கேசட்டை ஸ்ப்ரிங்ஸ்டீன் உறைகூட இல்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார்.

பிறகு நியூயார்க் ஸ்டூடியோவில் முழுக் குழுவோடு அதே பாடல்களை வாசித்துப் பார்த்தார்கள். படுக்கையறையில் இருந்த உயிர் வரவில்லை. கேசட்டையே ஆல்பமாக வெளியிடுவது என்று முடிவாயிற்று. அங்கேதான் வினை. டூ-இன்-ஒன்னில் இறங்கிய ஒலியை இசைத்தட்டில் வெட்டுவது பெரும்பாடாகிவிட்டது. பல இடங்களில் முயன்று, வழக்கத்தைவிடக் குறைந்த ஒலி அளவில் வைத்துத்தான் வெட்ட முடிந்தது. 1982 செப்டம்பர் 30 அன்று வெளியான 'நெப்ராஸ்கா' அவருடைய சிறந்த ஆல்பங்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது. அது உருவான கதை 2025ல் சினிமாவாகவும் வந்தது. ஆனால் கடைசி இரண்டு ஒயர்களில் காட்டிய அலட்சியத்துக்குப் பல மாத அலைச்சல் விலையாயிற்று. அவருக்குப் பின்னால் ஒரு கம்பெனி இருந்தது. படுக்கையறையில் பாடும் எல்லோருக்கும் அந்த வசதி கிடையாது.

சரி, முறையாக இணைப்பது எப்படி? சூத்திரம் ஒன்றுதான்: ஒலி ஒரு திசையில் மட்டும் ஓட வேண்டும். வெளியீடு எப்போதும் உள்ளீட்டுக்குப் போக வேண்டும். தடங்கள் பதிந்த ரிக்கார்டரின் ஒவ்வொரு வெளியீடும் மிக்ஸரின் ஒரு லைன் துளைக்கு: தடம் ஒன்று முதல் சானலுக்கு, தடம் இரண்டு இரண்டாவது சானலுக்கு. எதிரொலிக் கருவி வேண்டுமென்றால் மிக்ஸரின் துணை வெளியீட்டிலிருந்து அதற்குள் போய், அதிலிருந்து காலியான சானல்களுக்கோ அதற்கென உள்ள திரும்பு துளைக்கோ வர வேண்டும். மிக்ஸரின் முதன்மை இடது, வலது வெளியீடுகள் இரண்டாவது ரிக்கார்டரின் லைன் உள்ளீட்டுக்கு. நாலு ஒயர் உள்ளே, இரண்டு ஒயர் வெளியே.

இந்த இரண்டாவது ரிக்கார்டரிலிருந்து திரும்பி வரும் ஒயர்களில்தான் இன்னொரு கண்ணி வைக்கப்பட்டிருக்கிறது. பதிந்ததைக் கேட்பதற்காக அவற்றைக் காலியாக இருக்கும் ஏதோ இரண்டு சானல்களில் செருகிவிடுவது பலர் வழக்கம். பதிவுப் பொத்தானை அழுத்தியதும் ரிக்கார்டர் தனக்குள் வருவதையே வெளியேயும் அனுப்பும். அது சானல் வழியாகக் கலவைக்குள் போகும். கலவை மறுபடி ரிக்கார்டருக்குப் போகும். தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு. ஒரு நொடியில் ஊளைச் சத்தம். ஸ்பீக்கரும் காதும் தப்பித்தால் பாக்கியம். பெரும்பாலான மிக்ஸர்களில் இதற்கென்றே 'டேப் இன்' அல்லது '2 டிராக்' என்று எழுதிய துளைகள் உண்டு. அங்கே செருகி, கேட்கும் பாதைக்கு மட்டும் திருப்பிவிட்டால் வம்பில்லை.

கேட்கும் ஸ்பீக்கர்களை முதன்மை வெளியீட்டோடு சேர்த்து முடிச்சுப் போடுவதும் தவறு. அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டினார்கள் என்று சத்தத்தைக் குறைத்தால் பதிவிலும் ஒலி குறைந்துவிடும். மானிட்டர் வெளியீடு தனியே இருக்கிறது. ஸ்பீக்கர் அங்கே.

அடுத்தது அளவு. எல்லா ஒயரிலும் ஓடுவது மின்சாரம்தான் என்றாலும் எல்லாம் ஒரே அளவு மின்சாரம் அல்ல. மைக்கிலிருந்து வருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. வீட்டு டேப் டெக், சிடி பிளேயர் போன்றவை பேசும் அளவு சுமார் 0.3 வோல்ட், இதை மைனஸ் 10 என்பார்கள். தொழில்முறைக் கருவிகளின் அளவு சுமார் 1.2 வோல்ட், இது பிளஸ் 4. இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 12 டெசிபல், அதாவது ஏறத்தாழ நாலு மடங்கு. பெரியதைச் சிறியதற்குள் செலுத்தினால் ஒலி கரகரத்து உடையும். சிறியதைப் பெரியதற்குள் செலுத்தினால் சத்தம் போதாமல் முறுக்க முறுக்க, பாட்டோடு 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும். பல கருவிகளின் பின்புறம் இந்த இரண்டு அளவுகளுக்கும் மாற்ற ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள் அதிகம்.

மிக்ஸரிலிருந்து லேப்டாப்பின் ஹெட்செட் துளைக்கு ஒயர் இழுப்பவர்கள் இரட்டைத் தவறு செய்கிறார்கள். அந்தத் துளை மைக்குக்கானது; லைன் அளவைத் தாங்காது. தவிர, அதன் மைக் இணைப்பு மோனோ. இடது வலது பார்த்துப் பார்த்து வைத்ததெல்லாம் வீண். யு.எஸ்.பி.யில் செருகும் இரண்டு உள்ளீட்டு ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று இந்தத் தலைவலியைத் தீர்க்கும்.

எல்லாம் இணைத்தபின் பாட்டைப் போட்டுச் சோதிப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. 1,000 ஹெர்ட்ஸ் சீரான ஒலியை மிக்ஸரில் ஒரு சானலில் விட வேண்டும். அதை முழுக்க இடதுபுறம் திருப்பினால் ரிக்கார்டரில் இடது மீட்டர் மட்டும் அசைய வேண்டும். வலதுபுறம் திருப்பினால் வலது மட்டும். நடுவில் வைத்தால் இரண்டும் சமம். மிக்ஸரின் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கும்போது ரிக்கார்டரின் மீட்டரும் அதற்குரிய இடத்தில் நிற்கும்படி சரிசெய்ய வேண்டும். இரண்டே நிமிட வேலை. பாடகி காணாமல் போகும் கேஸ் இங்கேயே பிடிபட்டுவிடும்.

இனி 'ம்ம்ம்' என்ற ரீங்காரம். இந்தியாவில் சுவரிலிருந்து வரும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் இரட்டையான 100 ஹெர்ட்ஸும் ஸ்பீக்கரில் கேட்டால் அனேகமாக எர்த்தில் கோளாறு. மிக்ஸர் ஒரு சுவரின் பிளக்கில், கம்ப்யூட்டர் எதிர்ச்சுவரின் பிளக்கில். இரண்டும் எர்த் வழியாக ஒரு முறையும் ஆடியோ ஒயரின் உறை வழியாக இன்னொரு முறையும் இணைந்து பெரிய வளையமாகிவிடுகின்றன. வளையத்தில் ஓடும் மின்சாரம் ரீங்காரமாகக் கேட்கிறது. எல்லாக் கருவிகளையும் எர்த் உள்ள ஒரே பிளக்கில், ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் பாதிப் பிரச்னை தீரும். மிக்ஸரும் ரிக்கார்டரும் இழுக்கும் மின்சாரம் கொஞ்சம்தான். அயர்ன் பாக்ஸை மட்டும் அதே போர்டில் செருகக் கூடாது. பேலன்ஸ்டு ஒயர் மாற்றினால் இன்னும் கொஞ்சம் தீரும். அதற்கும் அடங்காவிட்டால் சிறு டிரான்ஸ்பார்மர் வைத்த ஐசொலேட்டர் பெட்டி இருக்கிறது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் ரீங்காரம் நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜர். கலந்து இறக்கும் ஐந்து நிமிடத்துக்கு பேட்டரியில் ஓட்டிக்கொள்ளலாம்.

சில மெக்கானிக்குகள் குறுக்கு வழி ஒன்றைச் சொல்லித்தருகிறார்கள்: மூன்று பின் பிளக்கில் மேலே உள்ள தடித்த எர்த் பின்னைக் கழற்றிவிடுவது. ரீங்காரம் சட்டென்று நின்றுவிடும். அந்தப் பின் இருப்பது ரீங்காரத்துக்காக இல்லை, உயிருக்காக. கருவிக்குள் ஒரு ஒயர் அறுந்து இரும்புப் பெட்டியைத் தொட்டால் மின்சாரம் எர்த்துக்குப் போய் ஃபியூஸ் போகும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி முழுவதும் 230 வோல்ட்டோடு காத்திருக்கும். பெட்டியோடு இணைந்திருப்பது கிதாரின் கம்பி. எதிரே உதட்டைத் தொடும் தூரத்தில் மைக். 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸீ நகரில், 'ஸ்டோன் த க்ரோஸ்' குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் இறந்தது 1976 மே மாதம். மேடையில் அல்ல, தன் வீட்டில் மின்கிதார் வாசித்துக்கொண்டிருந்தபோது. அங்கேயும் எர்த் சரியில்லை. வீட்டின் எர்த்தை ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்துக்கொள்வது, புது மைக் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு.

ஒயரெல்லாம் சரியானபின் மிச்சமிருப்பது காது. குரலும் கீழ்ஸ்தாயி வாத்தியங்களும் நடுவில், மற்றவை இரு பக்கமும் என்பது பொதுவான ஏற்பாடு. எல்லாவற்றையும் கடைக்கோடிக்குத் தள்ளினால் ஹெட்போனில் தலை சுற்றும். கலவையை மோனோவிலும் கேட்டுப்பார்க்க வேண்டும். பாட்டைக் கேட்கப்போகிறவர் டீக்கடையின் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்கக்கூடும். மேஜை மேல் வைத்த செல்போனில் கேட்கக்கூடும். இரண்டு மைக் வைத்துப் பதிந்த வாத்தியம் மோனோவில் மெலிந்துவிட்டால், இரண்டு மைக்குக்கும் ஒலி வந்துசேர்ந்த நேரம் வேறுபட்டு ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன என்று அர்த்தம்.

கம்ப்யூட்டர் வந்தபின் பாதி ஒயர்கள் மறைந்துவிட்டன. தடங்கள் திரையில் கோடுகளாகத் தெரிகின்றன. கலந்து இறக்குவது ஒரு பொத்தானில் முடிகிறது. கேசட் போர்ட்டாஸ்டூடியோக்கள் சேகரிப்பாளர்களின் அலமாரிக்குப் போய்விட்டன. விதிகள் போகவில்லை. டேப்பில் சிவப்பைக் கொஞ்சம் தொட்டால் ஒலி இதமாக மழுங்கும், மன்னித்துவிடும். டிஜிட்டலில் பூஜ்யம் என்பது கூரை. அதற்கு மேல் எண்ணே கிடையாது; அலையின் தலை வெட்டுப்பட்டுப் படபடவென்று வெடிக்கும். உச்ச ஒலிகூட பூஜ்யத்துக்கு ஆறு டெசிபல் கீழே நிற்கும்படி விட்டுவைப்பது நல்லது. இரண்டு டிஜிட்டல் கருவிகளை டிஜிட்டல் ஒயரால் இணைத்தால் ஒன்றின் கடிகாரத்தை மற்றது பின்பற்றும்படி அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டுக்கு நடுவே 'டிக் டிக்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

வீட்டில் செய்தது வீட்டோடு நிற்க வேண்டும் என்பதில்லை. சென்னை கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டி ஏ.ஆர். ரஹ்மான் அமைத்துக்கொண்ட சிறிய ஸ்டூடியோவிலிருந்து வந்ததுதான் 1992ன் 'ரோஜா'. எல்லா வீட்டிலும் ரோஜா பூக்காது. ஆனால் பாட்டியின் தாலாட்டையோ, ஊர்க் கோயிலில் பாடுகிறவரின் குரலையோ பிடித்துவைக்க நினைப்பவருக்கு, அந்தப் பதிவு ஒரு ஆல்பத்துக்குக் குறைந்ததில்லை. மறுபடி பாடச் சொல்ல முடியாத பாட்டு எல்லா வீட்டிலும் ஒன்று உண்டு.

அதனால் பழைய ஸ்டூடியோ ஆசாமிகளின் வழக்கம் ஒன்றைப் பின்பற்றலாம். ஒவ்வொரு ஒயரின் இரு முனையிலும் பிளாஸ்திரி ஒட்டி, எங்கிருந்து எங்கே என்று எழுதிவைப்பது. கலந்து இறக்கிய பின்னும் அசல் தடங்களை அழிக்காமல் இன்னொரு பிரதி எடுத்து வேறிடத்தில் வைப்பது. முதல் அரை நிமிடம் மட்டும் பதிவு செய்து, நிறுத்தி, திரும்பப் போட்டுக் கேட்பது. இடதில் வயலின், வலதில் கிதார், நடுவில் பாடகி. மூவரும் இருந்தால் மேற்கொண்டு போகலாம்.